நீலகிரிச் சிரிப்பான் நீர்வண்ண பிரிண்ட் வாங்கலாமா? பறவையே சரிதானா என்று சந்தேகம்

தேயிலைப்பூ கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். படம் வாங்கிப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது. சுவரில் காலண்டரும் கல்யாண போட்டோவும்தான். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர். இந்த மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகிறார். வாட்ச், ஸ்வெட்டர், புது மொபைல் என்று எதைச் சொன்னாலும் "எதுக்கும்மா தண்டச்செலவு" என்பார். அவர் நின்று கவனித்துப் பார்க்கிற ஒரே விஷயம், வீட்டுக்குப் பின்னால் தவிட்டுப்பழச் செடிக்கு வரும் ஒரு பறவைக் கூட்டம். மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. கண்ணுக்கு மேலே பட்டையாக வெள்ளைக் கோடு, கழுத்திலிருந்து வயிறுவரை செங்கல் நிறம். ஒன்று ஆரம்பித்தால் போதும், மொத்தக் கூட்டமும் சேர்ந்து சிரிக்கும். "உங்க அத்தைங்க வந்தாச்சு" என்பார் அப்பா. (அத்தைகள் யாரும் இந்தத் தளத்தில் இல்லை என்று நம்புகிறேன்.)

அதன் பெயர் நீலகிரிச் சிரிப்பான், உலகத்தில் இந்த மலையில் மட்டும்தான் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கே சமீபத்தில்தான் தெரியும். அதே பறவையை நீர்வண்ணத்தில் வரைந்து ஒரு ஓவியர் இணையத்தில் பிரிண்ட் விற்கிறார். ஏ3 அளவு. பாசி படர்ந்த கிளை, சிவப்புப் பழங்கள், பறவை தலையைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி. அழகாக இருக்கிறது. சட்டம் இல்லாமல் 2,800 ரூபாய். விவரத்தில் "ஜிக்லே பிரிண்ட், 310 ஜிஎஸ்எம் காட்டன் ராக், ஆர்க்கைவல் பிக்மென்ட் இங்க், 100 பிரதிகள் மட்டும், எண்ணும் கையொப்பமும் உண்டு" என்று போட்டிருக்கிறது.

சந்தேகங்கள்:

படத்தில் இருக்கும் பறவைக்கு நெஞ்சு சாம்பல் நிறம். அதில் மெல்லிய கோடுகள் வேறு. வயிறு மட்டும்தான் செம்பழுப்பு. எங்கள் வீட்டுக்கு வருவது அப்படி இல்லை. இது பெண் பறவையா, குஞ்சா, அல்லது ஓவியரின் கற்பனையா? அப்பா கண்ணில் இது கட்டாயம் படும்.

அந்த ஜிக்லே, காட்டன் ராக் எல்லாம் உண்மையிலேயே பொருள் உள்ள சொற்களா, விலையை ஏற்றுவதற்கா?

எங்கள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாகவே உள்ளே வந்துவிடும். அம்மா அப்பா கல்யாண போட்டோ கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. இதற்கும் அதே கதிதானா?

தம்பி சொல்கிறான், "நெட்ல நல்ல போட்டோவா எடுத்து கலர் லேப்ல குடுத்தா 300 ரூபாய்ல முடிஞ்சுது" என்று. அவனுக்கு என்ன பதில் சொல்வது?

---

வெண்புருவம் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன். மற்றவை என் துறை இல்லை.

உங்கள் கண் சரி, படத்தின் பெயர் தப்பு. சிரிப்பான்களில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் அது பெண் பறவை என்று சமாளிக்க முடியாது. கற்பனையும் இல்லை. நீங்கள் சொல்லும் சாம்பல் நெஞ்சு, மெல்லிய கோடு, செம்பழுப்பு வயிறு எல்லாம் அப்படியே பழனிச் சிரிப்பானுக்குப் பொருந்துகிறது. கொடைக்கானல், மூணாறு பக்கம் இருப்பது அது. நீலகிரிக்காரருக்குத் தொண்டை, நெஞ்சு, வயிறு எல்லாமே செம்பழுப்பு. அலகடியிலும் மோவாயிலும் கறுப்பு இருக்கும். அந்தக் கறுப்புதான் முகத்துக்கு ஒரு முறைப்பைக் கொடுப்பது. பழனிக்காரருக்கு அந்தக் கறுப்பு மோவாய் கிடையாது. இனி எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் மோவாயைப் பாருங்கள், பிறகு நெஞ்சு. இரண்டு நொடியில் தெரிந்துவிடும்.

இடையில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிறது. சோலைக்காட்டுப் பறவை வெயில் அடிக்கும் அந்தச் சமவெளியைத் தாண்டிப் போகாது. வடக்கே இருப்பது வடக்கே, தெற்கே இருப்பது தெற்கே என்று லட்சக்கணக்கான வருடங்கள் தனித்தனியாக வாழ்ந்து வேறு வேறு இனமாகிவிட்டன. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் அகத்தியமலைப் பக்கம் ஒன்று, வடக்கே வயநாட்டில் பாணாசுரமலைப் பக்கம் ஒன்று. மொத்தம் நான்கு. மரபணுவைப் பார்த்துவிட்டு 2017-ல் பறவை ஆய்வாளர் வி.வி. ராபின் குழுவினர் இவற்றை மான்டெசிங்க்லா என்று தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள். அதற்கு முன்பு இமயமலைச் சிரிப்பான்களோடு ஒரே பட்டியலில் கிடந்தவை.

பழைய கையேடுகளில் தெற்கத்திக்காரர்களை ஒரே இனமாகச் சேர்த்து எழுதியிருப்பார்கள். இணையத்தில் போட்டோக்களுக்கு அடியில் இருக்கும் பெயர்கள் இன்னும் மோசம். மூணாறில் எடுத்த படத்துக்கு நீலகிரி என்று பெயர் போட்டு ஊரெல்லாம் சுற்றுகிறது. ஓவியர் அப்படி ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கலாம். கோபப்படாமல் எழுதிக் கேளுங்கள். பறவையை உண்மையிலேயே நேசித்து வரைகிறவர் என்றால் நன்றி சொல்வார். "கலைஞருக்குச் சுதந்திரம் உண்டு" என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். சுதந்திரமாக வரையட்டும், அப்போது பெயர் எழுதக்கூடாது.

ஒரு சின்ன விஷயம். "தினமும் வேலியில உக்கார்றது எப்படி அபூர்வம்?" என்று அப்பா கேட்கலாம். ஊட்டி தாவரவியல் பூங்காவிலும் உங்கள் லாங்வுட் சோலையிலும் சுலபமாகவே பார்க்கலாம். ஆனால் உலகத்தில் உள்ள மொத்தக் கூட்டமும் அந்த ஒரு மலைக்குள்தான். அங்கே சோலை போனால் வேறு எங்கும் கிடையாது. ஜெர்டன் என்ற பிரிட்டிஷ் பறவை ஆய்வாளர் 1839-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார், அவர் பார்த்த சோலையும் புல்வெளியும் இருந்த இடங்களில் நிறைய இன்றைக்குத் தேயிலையும் யூகலிப்டஸும் வாட்டில் எனும் சீகை மரமுமாக நிற்கிறது. டீமேக்கரிடம் இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

---

சும்மா_வந்தேன் பதில்:

தம்பி சொல்றதுதான் கரெக்ட். 2,800 ரூபாய்க்கு ஒரு பேப்பர். அதுக்கு மேல பிரேம். எப்படியும் பனியில பூஞ்சை பிடிக்கப் போகுது. 300 ரூபாய்க்குப் போட்டா, கெட்டுப் போனா மறுபடி 300. கணக்கு சிம்பிள்.

---

பீடிங்கார் பதில்:

அம்மிணி, குன்னூர்ல ரொம்ப வருஷம் பிரேம் கடை வெச்சிருந்தவன் நானு. இப்ப மகன் பார்த்துக்கறான், நான் ஓரமா உக்காந்து குத்தம் சொல்லிட்டிருக்கேன். மலை மேல படம் எப்படிக் கெடும்னு கேட்டா ராத்திரி பூரா பேசுவேன். டைப் அடிக்கறதுதான் கஷ்டம்.

ஜிக்லேன்னா பெரிய மந்திரம் ஒண்ணுமில்லீங்க. ஒசத்தியான இங்க்ஜெட் பிரிண்ட், அவ்வளவுதான். 1990-கள்ல அமெரிக்காவுல பிரிண்ட் போடறவங்க கொண்டுவந்த பேரு, இங்க்ஜெட்னு சொன்னா ஆபீஸ் பிரிண்டர் ஞாபகம் வருதேன்னு. அந்த வார்த்தைக்காக ஒரு ரூபாகூட அதிகம் குடுக்காதீங்க. அதுக்குப் பக்கத்துல இருக்கற மத்த ரெண்டு வார்த்தைக்குத்தான் காசு: பிக்மென்ட், காட்டன்.

இங்க் ரெண்டு விதம். டை இங்க்ங்கறது தண்ணியில கரைஞ்ச சாயம். பிக்மென்ட்ங்கறது பொடி, தாள் மேல போய் உக்காரும். சாயம் பளிச்னு இருக்கும், ஆனா வெளிச்சத்துல சீக்கிரம் வெளுக்கும், நம்ம ஊர் ஈரத்துக்குக் கசியும். ஓரமெல்லாம் மங்கலாகி, சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம்னு போய் நிக்கும். பிக்மென்ட் நல்ல தாள்ல, நேர் வெயில் படாம இருந்தா உங்க அப்பா காலம் தாண்டி உங்க பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும். ஓவியர்கிட்ட ஓரத்துல வெட்டின துண்டு ஒண்ணு கேளுங்க, அனுப்புவாங்க. ஒரு சொட்டுத் தண்ணி விட்டு ஒரு நிமிஷம் கழிச்சு விரலால தொட்டுப் பாருங்க. கலர் கையோட வந்தா அது டை.

காட்டன் ராக்னா பஞ்சு நார்ல செஞ்ச தாள். சாதாத் தாள் மரக்கூழ். மரக்கூழ்ல இருக்கற லிக்னின் நாளாக நாளாகப் புளிப்பாகி மஞ்சளாகும், பழைய பேப்பர் மடிப்புல நொறுங்குமே, அது. பஞ்சுத் தாளுக்கு அந்த வியாதி கிடையாது. 310 ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் தாள் 310 கிராம், நல்ல கனம், ஈரத்துக்கு அவ்வளவு சீக்கிரம் நெளியாது.

100 பிரதிக்கு வருவோம். படத்துக்குக் கீழ பென்சில்ல 14/100 அப்படின்னு இருக்கும். பென்சில்ல இருந்தா நல்லது, பேனா மை ஓடும். சில பேரு "ஒண்ணாம் நம்பர் வேணும்"னு அடம் பிடிப்பாங்க. செப்புத் தகட்டுல அச்சடிச்ச காலத்துல முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் வித்தியாசம் உண்டு, தகடு தேயும். கம்ப்யூட்டர் பிரிண்டுக்குத் தேயறதுக்கு என்ன இருக்கு? நம்பரைப் பத்திக் கவலைப்படாதீங்க.

இது ஒரிஜினலா, பிக்மென்ட் பிரிண்டா, இல்லை பிரஸ்ல அடிச்ச போஸ்டரான்னு பார்க்கணும்னா தபால்தலை பார்க்கற லென்ஸ் போதும், பத்து மடங்கு. பிரஸ்ல அடிக்கற ஆஃப்செட்ல புள்ளிங்க வரிசையா, பூப் போட்ட மாதிரி வட்டம் வட்டமா இருக்கும். இங்க்ஜெட்ல தாறுமாறாத் தூவின பொடிப்புள்ளி. ஒரிஜினல்ல புள்ளியே இருக்காது, தாளோட பள்ளத்துல கலர் தேங்கி நிக்கும். ஆஃப்செட் போஸ்டரை ஜிக்லேன்னு வித்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

இப்ப பூஞ்சை. சும்மா வந்த தம்பி சொல்றாரு எப்படியும் பிடிக்கும்னு. பிடிக்காது தம்பி, ஒழுங்காப் போட்டா. அம்மிணி, உங்க கல்யாண போட்டோ செத்ததுக்குக் காரணம் பனி மட்டுமில்லை. போட்டோ கண்ணாடியைத் தொட்டுட்டு இருந்திருக்கும். ராத்திரி குளிருக்குக் கண்ணாடி உள்பக்கம் வேர்க்கும், அந்தத் தண்ணி போட்டோ மேலேயே உக்காரும், காலைல காயும், மறுபடி வேர்க்கும். ஒட்டாம என்ன செய்யும்? படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல காத்து இருக்கணும். அதுக்குத்தான் மவுண்ட் போர்டு, படத்தைச் சுத்தி ஜன்னல் மாதிரி வெட்டி வெக்கற கெட்டி அட்டை. அழகுக்குப் போடறதுன்னு நினைச்சு "அது வேணாங்க, காசு மிச்சம்"னு சொல்லுவாங்க. அதே ஆளு தங்கக்கலர் பீடிங்கைக் காட்டி "இது எவ்வளவு"ம்பாரு. பீடிங் எதுவா இருந்தா என்ன? வெளியில நிக்கற மரம் படத்தைக் காப்பாத்தாது. காசு கண்ணாடிக்குப் பின்னால போகணும்.

அந்த மவுண்ட்டும் ஆசிட் ஃப்ரீயா, புளிப்பு இல்லாததா இருக்கணும். மலிவு அட்டையில சாய்வா வெட்டின ஓரம் கொஞ்ச வருஷத்துல பழுப்பாகும், அந்தப் பழுப்பு படத்துலயும் ஒரு கட்டம் போட்டுடும். ஜன்மத்துக்கும் போகாது. பின்னட்டையும் அப்படித்தான். ஹார்ட்போர்டை நேரா படத்து முதுகுல வெச்சு ஆணி அடிக்கறது எங்க ஊர் வழக்கம். நடுவுல ஒரு ஆசிட் ஃப்ரீ அட்டை குடுக்கச் சொல்லுங்க.

ஒட்டறதுதான் முக்கியம். ஃபெவிகால் கூடாது, செல்லோ டேப் கூடாது, டபுள் சைடு டேப் கூடவே கூடாது. மெல்லிசு ஜப்பான் தாள்ல ரெண்டு துண்டு, கோதுமை ஸ்டார்ச் பசை, படத்தோட மேல் விளிம்புல மட்டும். கீழ, பக்கத்துல எங்கயும் ஒட்டக் கூடாது. ஈரத்துக்குத் தாள் விரியும், வெயிலுக்குச் சுருங்கும், நாலு பக்கமும் ஒட்டிட்டா அதுக்குப் போக இடம் இல்லை, நடுவுல அலை அலையாக் கிளம்பும். கொடியில போட்ட வேட்டி மாதிரி மேல மட்டும் பிடிச்சுத் தொங்கணும். பசை துளிதான் இருக்கணும், நிறைய வெச்சா வெள்ளிப்பூச்சி மோப்பம் பிடிச்சு வரும். லேமினேஷன்னு யாராவது சொன்னா அந்தக் கடையை விட்டு எந்திரிச்சு வந்துடுங்க.

மாட்டற சுவர். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிசு. அந்தத் திசைக்கு வெளிப்புறமா இருக்கற சுவர்ல மாட்டவே கூடாது, உள்ளுக்குள்ள ரெண்டு ரூமுக்கு நடுவுல இருக்கற சுவர்தான் காய்ஞ்சிருக்கும். சமையல்கட்டுச் சுவரும் வேணாம், கணப்படுப்புக்கு மேலயும் வேணாம். பிரேமோட கீழ் மூலை ரெண்டுலயும் பின்பக்கம் ரப்பர் பொட்டு ஒட்டிட்டா சுவருக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போகும். அஞ்சு ரூபா சமாச்சாரம், அதை யாருமே போடறதில்லை.

கண்ணாடியா அக்ரிலிக்கான்னு கேப்பீங்க. வீட்டுலயே பிரேம் போட்டு வீட்டுலயே மாட்டறதுன்னா கண்ணாடி போதும். புற ஊதாவைத் தடுக்கற கண்ணாடி கிடைச்சா நல்லது, ஆனா ஜன்னலுக்கு எதிர்ல மாட்டிட்டு அதை நம்பாதீங்க, சாதாரண வெளிச்சமும் வெளுக்க வைக்கும்.

---

ஈரத்தூரிகை பதில்:

பீடிங்கார் ஐயா சொன்ன பிறகு சட்டத்தைப் பற்றிப் பேச ஒன்றும் மிச்சமில்லை. நான் நீர்வண்ணம் வரைகிறவள் என்பதால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

இந்தப் பறவையை நீர்வண்ணத்தில் வரைவதில் கஷ்டமே அந்த வெள்ளைப் புருவம்தான். நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாக ஒரு வண்ணத்தை நாங்கள் பூசுவதில்லை. அந்த இடத்தில் தாளை வெறுமனே விட்டுவிடுகிறோம். சுற்றிலும் கறுப்பையும் பழுப்பையும் ஈரமாக வைத்துக்கொண்டு, நடுவில் அந்தப் பட்டையைக் காய்ந்தபடியே காப்பாற்ற வேண்டும். ஒரு தடவை கை நடுங்கினால் புருவம் போயிற்று. அதை வெள்ளை குவாஷ் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டி வண்ணம்) வைத்து மீட்டால் சுண்ணாம்பு அடித்த மாதிரித் தெரியும். அதனால் பிரிண்டில் அந்த வெள்ளை என்பது பிரிண்ட் போடும் தாளின் வெள்ளைதான். பளீரென்று நீலம் அடிக்கும் தாளில் போட்டால் புருவம் டியூப்லைட் மாதிரி எரியும். அப்படிப்பட்ட தாளில் ஓபிஏ என்று பளீர் வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் கலந்திருக்கும், அது சில வருடங்களில் சக்தி இழந்து தாள் மஞ்சளாகத் தெரியும். "ஓபிஏ இல்லாத தாளா?" என்று ஓவியரிடம் ஒரே ஒரு வரி கேளுங்கள். தெரிந்தவர் உடனே பதில் சொல்வார்.

அடுத்தது திருத்துவது. வெண்புருவம் சொன்னதுபோல இது பழனிச் சிரிப்பான் என்றால், அதே ஓவியத்தின் மேல் செம்பழுப்பு பூசி நீலகிரி ஆக்கித் தருகிறேன் என்று ஓவியர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீர்வண்ணம் கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் சாம்பலும் கோடுகளும் மேலே தெரியும். சேறு பூசினது போலாகிவிடும். ஸ்கேனில் கம்ப்யூட்டர் வழியாக நிறம் மாற்றினாலும் அதே கதை, இறகின் அமைப்பு வேறு, மோவாய் வேறு. புதிதாகத்தான் வரைய வேண்டும்.

தம்பிக்கும் சும்மா_வந்தேனுக்கும்: நெட்டில் இருக்கும் போட்டோ யாரோ ஒருவருடையது. 1957-ம் வருட பதிப்புரிமைச் சட்டப்படி, 2012 திருத்தத்துக்குப் பிறகு, போட்டோவுக்கும் ஓவியத்தைப் போலவே படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் உரிமை உண்டு. விடிகாலையில் அட்டைக் கடியோடு சோலையில் உட்கார்ந்து எடுத்தவரிடம் கேட்டால் பல பேர் சும்மாவே தருவார்கள். கேட்காமல் எடுப்பதுதான் வருத்தம்.

சென்னைக்காரி என்பதால் ஒரு பெருமையும் சொல்லிக்கொள்கிறேன். எலிசபெத் க்வில்லிம் என்று ஒரு நீதிபதியின் மனைவி 1801-லிருந்து 1807-ல் இறக்கும்வரை மெட்ராஸில் இருந்து இங்குள்ள பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்து தள்ளியிருக்கிறார். அந்தத் தாள்கள் இப்போது கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இருநூறு வருடம் ஆகியும் பறவை பறவையாகவே இருக்கிறது. நல்ல தாளும் நிழலும் அலமாரியும் கிடைத்தால் நீர்வண்ணம் நிற்கும். அதில் பயப்பட ஒன்றும் இல்லை.

---

தேயிலைப்பூ பதில்:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ரொம்ப நன்றி.

ஓவியருக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. பாவம், பதறிவிட்டார். மூணாறில் சிநேகிதி எடுத்த படங்களை அனுமதியோடு வாங்கிப் பார்த்து வரைந்தாராம். பெயர் சிநேகிதி எழுதிக் கொடுத்தது. விற்பனைப் பக்கத்தில் பழனிச் சிரிப்பான் என்று மாற்றிவிட்டார், ஏற்கெனவே வாங்கினவர்களுக்கும் எழுதுகிறாராம். தாள் ஓபிஏ இல்லாததுதான் என்றார். ஓரத்துண்டும் அனுப்பினார். தண்ணீர் விட்டுப் பார்த்தேன், கையில் ஒன்றும் வரவில்லை.

நீலகிரிச் சிரிப்பானையும் வரைய ஆசையாக இருக்கிறது, ஆனால் இரண்டு மாதம் ஆகும் என்கிறார். எனக்கு இருப்பதோ இரண்டு வாரம்.

என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, சும்மா காட்டுவதுபோல மொபைலில் அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தார். "இது நம்மூருது இல்லையே. மூணாறுல இருந்தப்ப ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பின்னாடி வருமே, அது" என்றார். கல்யாணத்துக்கு முன் அவர் அங்கே வேலை பார்த்தது எனக்குத் தெரியும், அங்கே பறவை பார்த்தது தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, "இதுங்க நம்ம அத்தைங்களோட நாத்தனாருங்க" என்றார்.

அதனால் மூணாறுப் படத்தையே சரியான பெயரோடு வாங்கிவிட்டேன். 23/100. நீலகிரிக்கும் முன்பணம் அனுப்பியாயிற்று. தவிட்டுப்பழச் செடியில் நான் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு, மோவாய்க் கறுப்பு எங்கே முடிகிறது என்று தெரிகிற மாதிரி பக்கவாட்டில் இன்னும் ஒன்று வேண்டும் என்கிறார் ஓவியர். வெண்புருவம், எப்போது எடுத்தால் நன்றாக வரும்? பீடிங்கார் ஐயா, குழாயில் சுருட்டி அனுப்பட்டுமா என்று கேட்கிறார். சரியா? இரண்டும் ஜோடியாக மாட்டுவதென்றால் இப்போதே ஏதாவது கவனிக்க வேண்டுமா?

---

வெண்புருவம் பதில்:

காலை வெயில் பழச்செடி மேல் சாய்வாக விழும் நேரம். மேகமூட்டமாக இருந்தால் இன்னும் நல்லது, செம்பழுப்பு நிறம் உண்மையாக விழும். உச்சி வெயிலில் எடுத்தால் நிறம் வெளிறிவிடும், ஓவியர் மறுபடி ஏமாறுவார். குரலை மொபைலில் ஓடவிட்டுக் கூப்பிடாதீர்கள், இனப்பெருக்கக் காலமாக இருந்தால் கூட்டை விட்டு வெளியே வந்து அலையும். பழம் இருக்கும்வரை அவை தானாகவே வரும்.

உங்கள் அப்பா இந்தத் தளத்தில் சேர்ந்தால் எனக்கு நிறையக் கேள்விகள் இருக்கின்றன.

---

சும்மா_வந்தேன் பதில்:

சரி, தோத்துட்டேன். அந்த ஓவியர் லிங்க் குடுங்க.

---

பீடிங்கார் பதில்:

அம்மிணி, சுருட்ட வேண்டாம். 310 ஜிஎஸ்எம் பஞ்சுத் தாளை இறுக்கிச் சுருட்டினா மேல் பூச்சு வெடிக்கும், விரிச்சாலும் ஞாபகம் வெச்சுட்டு மறுபடி சுருளும். ரெண்டு கெட்டி அட்டைக்கு நடுவுல தட்டையா வெச்சு, பிளாஸ்டிக் கவர் போட்டு அனுப்பச் சொல்லுங்க. கூரியர் கூடக் கொஞ்சம் ஆகும், பரவாயில்லை. ஏற்கெனவே சுருட்டிப் போட்டுட்டாருன்னா, வந்ததும் எதிர்ப்பக்கம் சுருட்டி நிமித்தப் பார்க்காதீங்க. சுத்தமான வெள்ளைத் தாள் ரெண்டுக்கு நடுவுல வெச்சு மேல பலகையும் புஸ்தகமும் ஏத்தி ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க.

ஜோடியா மாட்டறதுன்னா ரெண்டு சமாச்சாரம். ரெண்டாவது படத்தையும் இதே ஏ3-ல, இதே நெட்டுவாக்குல, பறவை எதிர்த் திசையைப் பார்க்கற மாதிரி வரையச் சொல்லுங்க. ரெண்டும் ஒரே பக்கம் பார்த்தா பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி இருக்கும். மவுண்ட் பக்கத்துக்கும் மேலயும் 6 சென்டிமீட்டர், கீழ மட்டும் 7. மொத்தத்துல உள் அளவு 42-க்கு 55 வரும். பென்சில் எழுத்து மறையாம ஜன்னலை வெட்டச் சொல்லணும், நிறைய கடையில கையொப்பத்தை மூடிடுவாங்க. ரெண்டுக்குமான மவுண்ட் போர்டையும் பீடிங்கையும் இப்பவே ஒண்ணா வாங்கி வெச்சுக்குங்க, ரெண்டு மாசம் கழிச்சு அதே கலர் கிடைக்கும்னு எந்தக் கடைக்காரன் சொன்னாலும் நம்பாதீங்க, என் மகன் சொன்னாலும் சரி.

கடைக்குக் கொண்டு போறப்ப படத்தை அட்டையை விட்டு வெளியில எடுக்காம கொண்டு போங்க. மழை நாளா இருந்தா அன்னைக்குப் போகவே வேணாம்.